பாரமகாலை அளந்தவர்கள்

என் சிற்றப்பா காலமான செய்தி ஒரு இரவும் ஒரு பகலும் கழித்துத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. தந்திக் காலத்துக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். தந்தியை 2013-ஆம் வருஷம் ஜூலை மாதத்தோடு மூடிவிட்டார்கள்; நான் சொல்வது அதற்கும் பிற்பாடு நடந்தது. சிற்றப்பா வீட்டில் அப்போது மூன்று செல்போன்கள் இருந்தன. மூன்றிலும் மின்சாரம் இருந்தது, பணம் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்.

தர்மபுரி ஜில்லாவில், அரூரைத் தாண்டி, சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அந்த ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினால் சித்திக்குப் பிடிக்காது. எண்பது வீடு இருக்கும். ஊருக்கு வடக்கே ஒரு கரடு. யாருக்காவது போன் பேச வேண்டுமானால் அந்தக் கரட்டின் மேல் ஏறி, வேப்பமரத்தை ஒட்டிய பாறையில் நின்று பேச வேண்டும். பிள்ளைகள் அதற்கு ‘டவர் பாறை’ என்று பெயரே வைத்திருந்தார்கள். சிற்றப்பாவுக்கு மூச்சு அடைத்த ராத்திரி அடைமழை. பாறையில் யார் ஏறுவது? மறுநாள் பகலில் எடுப்பதா வைப்பதா என்ற கவலையில் யாருக்கும் என் ஞாபகம் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பால் தெளித்தாகிவிட்டது.

சித்தி என்னைப் பார்த்து அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

“ஏங் கண்ணு, நம்ம ஊருலே சிக்னல் நல்லா இருக்குதுன்னு படத்துலே போட்டிருக்குதாமே, மெய்யா?”

ஊர்க்காரர்கள் மனுப் போட்டிருக்கிறார்கள். பதிலும் வந்திருக்கிறது. தங்கள் வரைபடத்தின்படி இந்தக் கிராமத்துக்குப் போதுமான அலை எட்டுகிறது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். ஆதாரமாக ஒரு படமும் இணைத்திருந்தார்கள். அதில் எங்கள் ஊர் நெல் நாற்றங்காலைப் போலப் பச்சைப் பசேல் என்று இருந்தது.

எழுதினவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது. பொய் சொல்கிறவர்கள் அத்தனை மரியாதையாக எழுத மாட்டார்கள். அப்படியானால் பொய் சொன்னது யார்? படமா?

என் சிநேகிதர் ஒருவருடைய பிள்ளை இந்தக் கோபுரங்களை எங்கே நாட்டுவது என்று கணக்குப் போடும் உத்தியோகத்தில் இருக்கிறான். என்னை மாமா என்று கூப்பிடுவான். வேறு வேலையாகத் தர்மபுரிக்கு வந்தவனை ஓட்டல் அறையில் பிடித்து உட்கார வைத்தேன். நான் இண்டர்மீடியட்டோடு கணக்குக்குக் கும்பிடு போட்டவன் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே பொறுமையாகச் சொன்னான்.

“மாமா, கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. பூமி எப்படி இருக்கும் என்று நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். நாலைந்து தினுசாகச் சொல்லுகிறோம்.”

முதலாவது, மேடு பள்ளம். பூமி முழுவதையும் சின்னச் சின்னச் சதுரங்களாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று ஒரே ஒரு எண். இரண்டாவது, அந்தக் கட்டத்தின் மேல் என்ன இருக்கிறது என்பது: காடா, வயலா, ஏரியா, ஓட்டு வீடுகளா, மாடி வீடுகளா? இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கிளட்டர்’. இங்கிலீஷில் அதற்கு அடைசல், வேண்டாத சாமான் என்று அர்த்தம். மாந்தோப்பும் மாரியம்மன் கோவிலும் பள்ளிக்கூடமும் அலைக்கு அடைசல்தான், குறுக்கே நிற்கிறதே! ஒவ்வொரு வகை அடைசலுக்கும் இவ்வளவு உயரம், இவ்வளவு நஷ்டம் என்று ஒரு விலை வைத்திருக்கிறார்கள். மழையில் நனைந்த இலை அதிகமாகத் தின்னுமாம். மூன்றாவது, கோடுகள்: ரோடு, ரயில், ஆறு, எல்லை. பட்டணமானால் கட்டடம் ஒவ்வொன்றின் உருவமும் உயரமும் சேரும். கடைசியாக, எங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு பேசுவார்கள் என்ற கணக்கு.

அவன் சொல்லிக்கொண்டே போக, எனக்கு ஒரு வேடிக்கையான எண்ணம் வந்தது. இதே தர்மபுரியில் உட்கார்ந்து இதே கேள்விகளை ஒரு மனிதர் முன்பே கேட்டிருக்கிறாரே!

தர்மபுரி என்றால் நமக்கு அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும்தான் ஞாபகம் வரும். தகடூரை அதோடு விட்டுவிடுவோம். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு மிகவும் பிந்திய சமாசாரம். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாரமகாலைக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தான். கும்பினிக்கு ஊர் கிடைத்துவிட்டது. ஊரில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. காப்டன் அலெக்ஸாண்டர் ரீடு என்ற பட்டாளத்துக்காரரை அதிகாரியாகப் போட்டார்கள். அவருக்கு உதவி மூன்று பேர்: மக்லியாட், கிரஹாம், மன்றோ. மூவரும் சிப்பாய்கள்தான். சிவில் உத்தியோகஸ்தர்களுக்குத் தமிழும் தெலுங்கும் தெரியாததால் பட்டாளத்திலிருந்து ஆள் எடுக்க வேண்டியிருந்தது.

நடுப்பாகம் தாமஸ் மன்றோவுக்கு வந்தது. அவருக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஏழு வருஷம் இந்தப் பக்கத்தில் இருந்தார். தர்மபுரியில் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். பிற்பாடு சென்னைக் கவர்னராகி, 1827-ல் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்தவர் இவரேதான். சென்னைத் தீவுத் திடலில் அங்கவடி இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருப்பவரும் இவரே.

இவர்கள் செய்த காரியம் என்ன? அதற்கு முன் ஒரு நிலத்தின் அளவைக் கேட்டால், இத்தனை வள்ளம் விதைப்பாடு என்று சொல்லுவது கொங்குப் பக்கத்து வழக்கம். நல்ல அளவுதான், ஆனால் கர்ணத்தின் கையில் அது ரப்பர் மாதிரி நீளும், சுருங்கும். ரீடும் அவருடைய உதவியாளர்களும் சங்கிலி பிடித்து வயல் வயலாக அளக்கச் சொன்னார்கள். நஞ்சையா புஞ்சையா, தோட்டக்காலா, கிணறு உண்டா, ஏரிப் பாசனமா, யார் உழுகிறான், எவ்வளவு கொடுக்கத் திராணி உள்ளவன் என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். ஜனங்கள், விளைபொருள்கள், நிலவரி என்று தனித்தனித் தலைப்பில் அவர்கள் குவித்த காகிதங்களைப் பிற்காலத்தில் சென்னை அரசாங்கம் ‘பாரமகால் ரிக்கார்டுகள்’ என்று தொகுதி தொகுதியாக அச்சிட்டது. ரயத்துவாரி என்று நாம் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட ஏற்பாடு பிறந்த இடம் இதுதான்.

வாசகர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கட்டம் கட்டமாகப் பிரித்து, இதில் தோப்பு, இதில் தரிசு, இதில் வீடு என்று குறிப்பது இன்றைய அடைசல் படம். புல எண் புல எண்ணாகப் பிரித்து, இதில் கம்பு, இதில் புளியமரம், இதில் கிணறு என்று பசலிதோறும் எழுதுவது நம் கிராம அடங்கல். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று வானத்திலிருந்து பார்த்து எழுதியது, மற்றது வரப்பில் நின்று பார்த்து எழுதியது, அவ்வளவே. சமயத்தில் வரப்பில் நிற்காமல், சாவடியில் உட்கார்ந்தபடியே எழுதியதும் உண்டு என்பது கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று. மன்றோவின் காகிதங்களில் மேடு பள்ளத்துக்கு மதிப்பு குறைவு. கரடு வரி கட்டாது. வரி கட்டாத ஒன்றை அளக்கச் சங்கிலிக்காரன் எதற்காக ஏறுவான்? ஜான் மாதர் என்ற சர்வேயர் ரீடுக்குக் கீழே வேலை பார்த்து, பாரமகால் முழுவதற்கும் மலைகளைச் சேர்த்து ஒரு படம் போட்டார். அது விதிவிலக்கு.

மலைகளுக்கு மதிப்பு வந்தது வேறொரு பித்தரால். வில்லியம் லாம்டன் என்று பெயர். 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளக் கோட்டை நூறு அடி எஃகுச் சங்கிலியால் அளந்து ஆரம்பித்தார். அந்தச் சங்கிலி சீன சக்கரவர்த்திக்குப் பரிசாகப் போய், அங்கே விலைபோகாமல் இந்தியாவுக்கு வந்தது. கோணம் பார்க்கும் பெரிய கருவி அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், விஷயம் தெரிந்ததும் வாழ்த்துச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். யுத்தத்திலும் அப்படி ஒரு நாகரிகம் இருந்திருக்கிறது! ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வழி தெரிய வேண்டுமானால் பல்லக்குத் தூக்கிகளைக் கேட்டால் போதாதா, இதற்கு இத்தனை செலவா என்று சென்னைக் கவுன்சில் அங்கத்தினர் ஒருவர் கேலி செய்ததாக ஒரு கதை உண்டு.

லாம்டனுக்கு வேண்டியது வழி அல்ல. பூமி உருண்டையின் வடிவம். ஒரு மலையுச்சியிலிருந்து இன்னொரு மலையுச்சி தெரிய வேண்டும். இடையில் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாது. பெங்களூரிலிருந்து தெற்கே கன்னியாகுமரி வரை அவர் இழுத்துச் சென்ற முக்கோண வரிசை ஏறக்குறைய 78-வது தீர்க்கரேகையை ஒட்டியது. அந்த ரேகை பென்னாகரத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவே ஓடுகிறது. மலை இல்லாத தஞ்சாவூரில் 1808-ல் கருவியைப் பெரிய கோவில் விமானத்தில் ஏற்றப்போய், கயிறு நழுவி அது கல்லில் மோதி நசுங்கிய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கூடாரத்துக்குள் ஆறு வாரம் உட்கார்ந்து, யாரையும் கிட்டே விடாமல், தானே அதைச் செப்பனிட்டார் மனிதர்.

ஒரு தொலைபேசிக் கோபுரமும் லாம்டன் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்கிறது: இங்கிருந்து அது தெரிகிறதா? காற்று வெளிச்சத்தைக் கொஞ்சம் வளைக்கிறது, அதைக் கழிக்காவிட்டால் உயரம் தப்பிப்போகும் என்று லாம்டன் தலையை உடைத்துக்கொண்டார். ரேடியோ அலையையும் காற்று அப்படியே வளைக்கிறது. அதனால் கணக்குப் போடுகிறவர்கள் பூமியின் ஆரத்தைச் சாதாரணமாக மூன்றில் ஒரு பங்கு பெரிதாக வைத்துக்கொள்கிறார்கள். நாற்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கோபுரம் இருந்தால், பூமியின் முதுகு மட்டுமே நடுவில் இருபத்து மூன்று மீட்டருக்கு மேல் குறுக்கே எழும்பி நிற்கும். அலை நூல் பிடித்த மாதிரி போவதும் இல்லை. நடுவில் பருத்த தக்ளி போலப் போகிறது. தொள்ளாயிரம் மெகாஹெர்ட்ஸ் அலைக்குப் பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் அந்தத் தக்ளியின் வயிறு, மையத்திலிருந்து இருபத்தொன்பது மீட்டர். நூல் தப்பினாலும் வயிறு இடித்தால் பலம் குறையும்.

லாம்டனுக்குப் பின் வந்தவர்கள் சர்வே படங்களைத் தேசம் முழுவதற்கும் வரைந்தார்கள். பழைய எண்ணிக்கையில் ஒகேனக்கலும் பென்னாகரமும் 57 எச். தர்மபுரியும் அரூரும் 57 எல். பன்னிரண்டாவது அட்சரேகைக்குக் கீழே இறங்கினால் சித்தேரி 58 ஐ. ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்ற அளவுள்ள அந்தத் தாள்களில் உயரத்தைக் காட்டும் சமமட்டக் கோடுகள் இருபது மீட்டருக்கு ஒன்றாக ஓடும். பதினைந்து மீட்டர் உயரமுள்ள கரடு இரண்டு கோடுகளுக்கு நடுவே படுத்து ஒளிந்துகொள்ளலாம். அந்தப் படங்களும் எல்லோருக்கும் எளிதில் கிடைத்துவிடவில்லை. 2005-ல்தான் ராணுவத்துக்கு ஒரு வரிசை, ஜனங்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தார்கள். 2021 பிப்ரவரியில்தான் இந்தியர்கள் படம் எடுக்கவும் வைத்துக்கொள்ளவும் பெரும்பாலும் தடை நீங்கியது.

இதற்கிடையில் வானத்திலிருந்து ஓர் அளவை நடந்தது. 2000-ஆம் வருஷம் பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் எண்டெவர், பக்கவாட்டில் அறுபது மீட்டர் நீளக் கழி ஒன்றை நீட்டிக்கொண்டு பதினொரு நாள் பூமியைச் சுற்றியது. ஓடத்தில் ஒரு ரேடார் காது, கழி நுனியில் இன்னொன்று. நமக்கு இரண்டு கண் இருப்பதால் தூரம் தெரிகிறதல்லவா? அதே யுக்தி. மன்றோவுக்கு ஏழு வருஷம் பிடித்தது; லாம்டன் இருபது வருஷம் அளந்துகொண்டே இருந்து, 1823-ல் ஹிங்கண்காட்டில் உயிரை விட்டார். இந்த ஓடமோ உலகத்து நிலப்பரப்பில் ஐந்தில் நாலு பங்கைப் பதினொரு நாளில் முடித்துவிட்டது. எண்களை உலகத்துக்கு இலவசமாகவும் கொடுத்தார்கள். பிறகு 2005 மே மாதம் நம்முடைய கார்ட்டோசாட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறி, முன்னும் பின்னும் சாய்ந்த இரண்டு காமிராக்களால் அதே வேலையைச் செய்தது.

அந்த எண்டெவர் கணக்கில் முதலில் வெளியான கட்டம் தொண்ணூறு மீட்டருக்குத் தொண்ணூறு மீட்டர். இதைக் கேட்டதும் நான் காகிதம் எடுத்து நம் அளவில் போட்டுப் பார்த்தேன். சரியாக இரண்டு ஏக்கர்! இரண்டு ஏக்கருக்கு ஒரே ஒரு உயரம். பிற்பாடு முப்பது மீட்டர்க் கட்டமும் நமக்குக் கிடைத்தது. அது இருபத்திரண்டு சென்ட். வரப்புத் தகராறில் அரை சென்ட்டுக்குக் கோர்ட்டுக்குப் போகிற ஜில்லாவில் இரண்டு ஏக்கரை ஒரே மட்டம் என்று எழுதினால் எப்படி இருக்கும்?

“அதுதான் மாமா உங்கள் ஊர்க் கதை” என்றான் பையன்.

அடர்ந்த காட்டில் ரேடார் தரையைத் தொடாமல் மரத்தலையைத் தொட்டுவிட்டுத் திரும்பும். அங்கே பூமி நிஜத்தைவிட உயரமாகிவிடும். மெலிந்த பாறை முதுகானால் நேர்மாறு. இருபது மீட்டர் அகலமுள்ள முதுகு, தொண்ணூறு மீட்டர்க் கட்டத்தில் இரண்டு பக்கத்துச் சரிவோடும் கலந்து சராசரியாகிப் போகும். கரட்டின் தலையைச் சீவி எடுத்த மாதிரி. கம்ப்யூட்டர், கோபுரத்திலிருந்து ஊருக்கு ஒரு நூல் பிடித்துப் பார்க்கிறது. தலையில்லாத கரட்டைத் தாண்டி நூல் சுகமாக வந்துவிடுகிறது. ஊரைப் பச்சையாக்கிவிடுகிறது.

மிச்சத்தை டோக்கியோ பார்த்துக்கொள்கிறது. அலை எவ்வளவு தேய்ந்து வரும் என்று சொல்லுகிற சூத்திரங்களில் பிரசித்தமானது, ஒக்குமுரா என்ற ஜப்பானியர் டோக்கியோவிலும் சுற்றுப்புறத்திலும் வண்டியில் அலைந்து அளந்து 1968-ல் வெளியிட்ட வளைகோடுகள். 1980-ல் ஹாட்டா அவற்றைச் சூத்திரமாக்கினார். ஊர்ப்புறத்துக்கு இவ்வளவு தள்ளுபடி, வெட்டவெளிக்கு இவ்வளவு தள்ளுபடி என்று அதிலேயே திருத்தம் உண்டு. ஆனாலும் அடிப்படை டோக்கியோத் தெருதான். அதனால் ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் அந்தந்த வட்டாரத்தில் ஒரு ஜீப்பில் கருவியை வைத்து ஓட்டிப் பார்த்து, சூத்திரத்தை உள்ளூருக்குத் தக்கபடி முறுக்குவார்கள். மன்றோவும் பிற்காலத்தில் கடப்பை, பெல்லாரிப் பக்கம் அளந்தபோது, அளந்தவர்கள் மேல் தலைமை அளவர்களை வைத்துத் திரும்ப அளக்கச் சொன்னார். ஜீப் போகிற ரோட்டில்தான் ஜீப் போகும் என்பது மட்டும் இதில் ஒரு கஷ்டம். எங்கள் ஊருக்கு ரோடு கரட்டுக்கு இந்தப் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் வண்டிப் பாதை.

மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு போனேன். காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் சொல்லும் சின்னக் கருவி ஒன்று வைத்திருந்தான். மாரியம்மன் கோவில் படியில் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டான். கரட்டின் மேல் ஏறி டவர் பாறையில் ஒருமுறை. கீழே இறங்கிக் கோவில் படியில் மறுபடியும் ஒருமுறை. பிள்ளைகள் பத்துப் பேர் கூடவே ஏறி இறங்கினார்கள். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னான்: படத்தில் இருப்பதைவிடக் கரடு பதினெட்டு மீட்டர் உயரம். கோவிலுக்குப் பின்னால் உள்ள புளியந்தோப்பும் படத்தில் ‘வெட்டவெளி’ என்று இருந்தது. ஓர் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள், சிற்றப்பாவின் பாட்டனார் வைத்தவை!

சித்தி மோர் கொண்டு வந்தாள். “அந்தக் கரடு அவங்களுக்குத் தெரியலீங்களா, தம்பி?” என்று கேட்டாள்.

“மேலேயிருந்து பார்த்தாங்க, அம்மா. மேலேயிருந்து பார்த்தா கரடு மட்டமாத் தெரியும்” என்றான்.

“கீழேயிருந்து பார்க்கறதுக்கு ஆளில்லையாக்கும்?”

அவன் பதில் சொல்லவில்லை, மோரைக் குடித்தான்.

இதில் எனக்கு உறுத்திய சங்கதி ஒன்று உண்டு. 2022 ஜூலையில் மத்திய மந்திரிசபை, 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு அதைக் கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை ஒப்புக்கொண்டது. நல்ல காரியம். ஆனால் எட்டாத ஊர் எது என்று தீர்மானிக்க எதைப் பார்ப்பார்கள்? பச்சையாக இருக்கிற ஊரில் யார் வந்து எண்ணப் போகிறார்கள்? ஒன்றும் இல்லாத ஊருக்காவது ஒரு நாள் ஏதாவது வரும். இருப்பதாக எழுதப்பட்ட ஊர் பாடு திண்டாட்டம். வரண்ட கிணற்றைப் பாசனக் கிணறு என்று பதிந்து, அதற்கும் சேர்த்துத் தீர்வை கட்டின குடியானவன் எந்த ஜில்லாவிலும் இருந்திருப்பான். அவனைப் போய்க் கேட்டால் தெரியும்.

பையன் அளவுகளை எழுதி, கரட்டின் படத்தையும் எடுத்து, யாருக்கு அனுப்ப வேண்டுமோ அவர்களுக்கு அனுப்பினான். ஊர்க்காரர்களும் அதையே வைத்து இன்னொரு மனுப் போட்டார்கள். நாலு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. புதிய படம் ஒன்றும் கூட வந்தது. அதில் கரட்டுக்குத் தெற்கே ஊர் முழுவதும் வெள்ளை. அதைச் சித்தியிடம் காட்டினேன். வெகு நேரம் கையில் வைத்துப் பார்த்தாள்.

“வெள்ளைன்னா நல்லதா கண்ணு, கெட்டதா?”

“இல்லேன்னு அர்த்தம், சித்தி.”

“இல்லேன்னு ஒத்துக்கிட்டாங்களா!” என்று முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு.

கோபுரம் இன்னும் வரவில்லை. சித்தி சாயங்காலம் ஆட்டை ஓட்டிக்கொண்டு கரட்டின் மேல் போவாள். ஐந்தரையிலிருந்து ஆறு மணிக்குள் பாறையடியில் இருப்பாள். நான் அந்த நேரத்தில்தான் அவளைக் கூப்பிடுவது வழக்கம்.